தலைக்கட்டு இல்லாத வீடு

மார்க்கெட்டுல எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூடை வெச்சு உக்காருற பொம்பளைங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். எழுதுறேன்னா, எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள ஒலை பொங்கி அடுப்பு அணைஞ்சு போவுது. இருந்தாலும் அடுத்தவங்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல எனக்கு மனசு வராது. யாருகிட்டயும் எதையும் கேட்டு நின்னவ இல்ல நான். அது உங்களுக்கே தெரியும். அந்தப் பெருமை என்னா பண்ணிச்சுன்னுதான் சொல்ல வந்தேன்.

என்னோட சின்ன வயசைச் சொல்லப் போறதில்ல. அதுல மீன் கூடையைத் தவிர ஒண்ணும் கெடையாது. நான் சொல்றது எங்க அண்ணன் மகளோட சின்ன வயசு. அதுலயும் ஒரே ஒரு கோடைக்காலம்.

சுனாமி வந்து போனப்புறம் வந்த ரெண்டாவது கோடை அது. அவ அம்மாவை அலை கொண்டுபோயிட்டுது. எங்க அண்ணன் கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாயிட்டான். பொண்ணு என்கிட்ட வந்துட்டா. நான் அதுக்கும் முன்னாடியே புருஷனைக் காய்ச்சல்ல பறிகுடுத்தவ. புள்ள கெடையாது. ஆக அவளுக்கு நான், எனக்கு அவ.

கடலுக்கு இந்தாண்ட, ரோட்டோரம் வரிசையாப் போட்ட தார் ஷீட்டுக் கொட்டாயில இருந்தோம். வெயிலு ஏறினா மேல இருந்து தாரு எளகி, வாசனை சோத்துலயே எறங்கும். தண்ணி குடிச்சாலும் தாரு. மேற்கத்திக் காத்து அடிச்சா கெமிக்கல் கம்பெனிங்க இருக்கிற பக்கத்துலேருந்து அழுகிப்போன பலாப்பழம் மாதிரி ஒரு வாடை வரும். ரெண்டும் சேந்தா பொழுதுக்கும் தலைவலிதான். வடக்கத்தி ஊர்க்காரங்க மூட்டை மூட்டையா துணி அனுப்பி வெச்சிருந்தாங்க. பிரிச்சுப் பாத்தா அத்தனையும் கம்பளிச் சட்டை! கடலூரு வெயில்ல கம்பளியை வெச்சு என்னா பண்றது? அடுத்த கொட்டாயில இருந்த கருவாட்டுக்கார அக்கா, அவளும் என்னை மாதிரி புருஷன் இல்லாதவ, அதைக் கருவாட்டு மேல போத்தி வெச்சா. "பாவம், குளுருதாம் அதுக்கு"ன்னா. எங்க பொண்ணு செவப்பா ஒண்ணை எடுத்து மடிச்சு வெச்சுக்கிட்டா.

"எதுக்குடி அது?"

"ஆபிசரு கோட்டு அத்தே. வேணும் எனக்கு."

அவளுக்கு அது ஒரு வித்தை. யாரைப் பாத்தாலும் அவுங்களாவே ஆயிடுவா. ரேஷன் கடைக்காரன் எப்டி எடை போடுவான், நர்சம்மா எப்டி மூக்கைச் சுளிப்பா, எல்லாம் செய்வா. கருவாட்டுக்கார அக்கா வவுத்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பா. "ஏ பொண்ணே, என்னை மாதிரி ஒரு தடவ நடடி"ன்னு தானாவே கேப்பா. இவ இடுப்பை ஒரு பக்கம் சாச்சுக்கிட்டு, இல்லாத கூடையைத் தூக்கிக்கிட்டு நடப்பா. எங்களுக்கு அப்ப இருந்த ஒரே டிவி பொட்டி அவதான்.

என்னை மாதிரி மட்டும் அவ செஞ்சதே இல்ல. மரியாதைன்னு நெனச்சிருந்தேன்.

இப்ப ஒரு வெவரம் சொல்லணும். உங்களுக்குத் தெரியும், ஆனா இதை வேற யாராச்சும் படிச்சா புரியணுமில்ல. நம்ம குப்பத்துல தலைக்கட்டுன்னு ஒண்ணு உண்டு. கல்யாணம் கட்டுன ஆம்பளை ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. ஊருக்கு வரி குடுக்குறது அவன். ஊருக்கு எது வந்தாலும் தலைக்கட்டுக் கணக்குலதான் பங்கு. புருஷன் செத்துட்டா அந்தத் தலைக்கட்டு போயிடும். வளந்த மகன் இருந்தா அம்மாக்காரி அவனோட சேந்துக்குவா. இல்லாதவளுக்கு ஒண்ணும் கெடையாது. இதை யாரும் அநியாயம்னு நெனச்சதில்ல, நான் உள்பட. கடல்ல உசுரைக் குடுக்கப் போறவனுக்குத்தானே பங்குன்னு நானே பேசியிருக்கேன்.

சுனாமிக்கப்புறம் அரிசி, பருப்பு, பாத்திரம், பாயின்னு லாரி லாரியா வந்துது. கோயிலு முன்னாடி எறக்குவாங்க. ஊருக்குத் தலைவரான நாட்டாரு தலைக்கட்டு பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. நாட்டாரு கெட்ட மனுஷனில்ல. அலை வந்த அன்னிக்கு முள்ளுக்காட்டுல கெடந்த பொணத்தையெல்லாம் தோளு மேல தூக்கியாந்தவரு. வழக்கம் எப்டியோ அப்டிக் கூப்பிட்டாரு, அவ்ளோதான். எங்க பேரு வராது.

ஒவ்வொரு தடவையும் நான் போவேன். பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன். யாராச்சும், "என்னாக்கா இங்க?"ன்னா, "சும்மா பாக்க வந்தேன். எனக்கென்னா, ஒண்ணும் வேணாம்"னு சொல்லுவேன். முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்குவேன். சொருகுன எடத்துல ஒரு பை மடிச்சு வெச்சிருப்பேன். ஒருவேளை கூப்பிட்டா? அதுக்குத்தான். கூட்டம் கலைஞ்சதும் திரும்பிடுவோம். அந்தப் பை இருக்கிறது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்.

அந்தக் கோடையிலதான் நாடகக்காரத் தம்பி வந்தான். சிதம்பரத்துப் பக்கத்துப் பையன், ஒல்லி, தாடி, தோள்ல ஒரு ஜோல்னா பை. கொட்டாயில இருக்கிற பசங்களைக் கூட்டி மணல்ல ஆட வெச்சான், பாட வெச்சான். மொதல்ல எல்லாரும் திட்டுனோம். அப்புறம் பாத்தா, அலை வந்ததுலேருந்து வாயே தொறக்காத பசங்கள்லாம் கத்திக்கிட்டுத் திரியுதுங்க. நாட்டாரே ஒரு நாளு பசங்களுக்கு பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு. நாடகம் கொட்டாயைப் பத்தின்னாங்க. தாரு எளகுறது, கக்கூஸ் கதவு இல்லாதது, கம்பளிச் சட்டை, இதெல்லாம். கடலூருல பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு வெச்ச போட்டியில ஜெயிச்சுட்டு வந்தாங்க. அடுத்து சிதம்பரம். பெரிய அதிகாரிங்கள்லாம் வருவாங்க, பத்திரிகைக்காரங்க வருவாங்கன்னான் தம்பி.

எங்க பொண்ணும் நாடகத்துல இருந்தா, ஆனா ஒத்திகைக்கு மட்டும் என்னை அண்ட விடல. போனா, "அத்தே, நீ அங்க வந்து பாரு"ன்னு தள்ளிக்கிட்டு வந்துடுவா. கருவாட்டுக்கார அக்கா மட்டும் அங்கேயே கெடந்தா. ஒரு நாளு என் பழைய மாம்பழக் கலரு பொடவையைக் காணோம். கேட்டதுக்கு, "நாடகத்துக்கு"ன்னா. சந்தோசமாத்தான் இருந்துது. நம்ம பொடவை மேடை ஏறுதேன்னு.

வீடு கட்டிக் குடுக்கப் போறாங்கன்னு அப்பவே பேச்சு. காங்கிரீட்டு வீடு, நம்பரு போட்டு. அதுவும் தலைக்கட்டுக் கணக்குதான்னு ஊருல முடிவாயிட்டுது. புருஷன் இல்லாத பொம்பளைங்களையும் சேக்கணும்னு நாடகக்காரத் தம்பியும் கருவாட்டுக்கார அக்காவும் நாலஞ்சு பொம்பளைங்களும் உள்ளுக்குள்ள பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அதிகாரி அம்மா ஒருத்தங்க, கேட்டா செய்வாங்களாம். ஆனா ஊரை மீறி மனு குடுத்தா ஊரு ஒதுக்கி வெச்சிடும். அதனால மனுவா குடுக்காம நாடகமா காட்டுறதுன்னு முடிவு. அதிகாரி அம்மா பாத்துட்டு அவுங்களா கேப்பாங்க, அப்பச் சொல்லிக்கலாம். எங்கிட்ட யாரும் சொல்லல. எங்காதுல விழுந்தா, "பிச்சை கேக்கப் போறீங்களாடி"ன்னு சண்டைக்கு வருவேன்னு தெரியும் அவுங்களுக்கு. வந்திருப்பேன்.

சிதம்பரத்துக்கு வேன்ல போனோம். பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தொணையா நானும் கருவாட்டுக்கார அக்காவும். ஊரு சார்பா நாட்டாரு, வெள்ளைச் சட்டை, முன் சீட்டு. எங்கிட்ட இருந்ததுலயே நல்ல பொடவை கட்டி, பூ வெச்சுக்காத கொண்டைக்கு எண்ணெய் தடவிக்கிட்டு நான் போனேன். போனதும் தம்பி எல்லாருக்கும் இட்லியும் கத்திரிக்கா கொத்சும் வாங்கிக் குடுத்தான். பொண்ணு ஒண்ணுகூடத் தின்னல. "பசிக்கல அத்தே"ன்னா. என் கையைப் புடிச்சு ஒரு தடவ அழுத்திட்டு உள்ள ஓடிட்டா. பயம்னு நெனச்சேன்.

கல்யாண மண்டபம். மேல காத்தாடி கடகடன்னு சுத்துது. முன் வரிசையில அதிகாரி அம்மா, மடியில பேனாவும் பேப்பரும். அவுங்களுக்குப் பின்னாடி நாட்டாரு. அவருக்குப் பின்னாடி நாங்க.

நாடகம் நல்லாத்தான் போச்சு. செவப்புக் கம்பளிச் சட்டை போட்ட பையன் ஆபிசரா வந்து வேர்த்து ஊத்துனான். மண்டபமே சிரிச்சுது. நாட்டாரும் சிரிச்சாரு. அப்புறம் அரிசி மூட்டை வந்துது. ஒரு பையன் பேரு சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருத்தனா வந்து வாங்குறான். அப்ப ஓரத்துலேருந்து ஒரு பொம்பளை வந்தா. மாம்பழக் கலரு பொடவை.

நான் வந்தேன். வேற எப்டிச் சொல்றது? தொண்டையைச் செருமிக்கிட்டு, கழுத்தை நிமித்திக்கிட்டு, யாரையும் பாக்காத மாதிரி எல்லாரையும் பாத்துக்கிட்டு நான்தான் மேடை மேல வந்தேன். "சும்மா பாக்க வந்தேன். எனக்கென்னா, ஒண்ணும் வேணாம்"னேன். முந்தானையை இழுத்துச் சொருகுனேன். மண்டபம் கொல்லுன்னு சிரிச்சுது.

அடுத்த மூட்டை வந்துது. திரும்ப வந்தா. அதே பேச்சு. இந்தத் தடவ கொரலு கொஞ்சம் கம்மி. அப்புறம் எல்லாரும் போயிட்டாங்க. மேடையில அவ மட்டும். மெல்ல இடுப்புலேருந்து பையை எடுத்தா. மடிப்பைப் பிரிச்சா. தரையில சிந்திக் கெடந்த அரிசியைப் பொறுக்கிப் பையில போட ஆரம்பிச்சா.

மண்டபத்துல அப்பவே சிரிப்பு நின்னுபோச்சாம். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்களாம். கருவாட்டுக்கார அக்கா பின்னால சொன்னதுதான் இது. எனக்கு ஒண்ணும் தெரியல. காதுக்குள்ள அந்தச் சிரிப்பு மட்டும் நிக்கவே இல்ல. அந்தப் பையை இவ பாத்திருக்கா. எத்தனை நாளா பாத்திருக்கா!

நாடகம் முடிஞ்சுது. அதிகாரி அம்மா எழுந்து, "இது நெசமா? உங்க ஊர்ல இப்படி விட்டுப்போன பெண்கள் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. கருவாட்டுக்கார அக்கா எழுந்திருக்கக் கையை ஊன்னுனா. அவளுக்கு முட்டி வலி. அதுக்குள்ள நான் எழுந்துட்டேன்.

"அம்மா, அது நாடகம். சின்னப் புள்ளைங்க எடுத்துக்கட்டி நடிக்குதுங்க. எங்க ஊருல யாரையும் ஒதுக்கல. எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஊரு குடுத்துது."

"நீங்க யாரு?"

"இந்தப் பொண்ணுக்கு அத்தைங்க. வளக்கிறவ நான்தான்."

அதிகாரி அம்மா என்னைப் பாத்தாங்க, மேடையைப் பாத்தாங்க. பேனாவை மூடிட்டாங்க. நாட்டாரு திரும்பி எனக்கு ஒரு தலையாட்டு ஆட்டுனாரு. பெருமையா இருந்துது. நெசமாச் சொல்றேன், அந்த நேரத்துக்கு அப்டித்தான் இருந்துது. மேடையில என் பொடவையைக் கட்டிக்கிட்டு அவ நின்னா. கையில பை. அழுவல. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. அவ மூஞ்சி அப்ப யாரு மாதிரியும் இல்ல. அவளாவே இருந்துது. அப்டி நான் அவளைப் பாத்ததே கம்மி.

பரிசு அவளுக்குத்தான் குடுத்தாங்க. "நல்ல கற்பனை வளம்"னு அதிகாரி அம்மா மைக்குல சொல்லி ஒரு கப்பு குடுத்தாங்க. தங்கக் கலரு. அவ வாங்கிக்கிட்டா. வேன்ல வரும்போது ஜன்னலோரம் உக்காந்து வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. எறங்கும்போது கப்பை சீட்டுலயே விட்டுட்டா. டிரைவரு கொண்டாந்து குடுத்தான். நான் அதைத் தொடைச்சு மேல வெச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுனேன். நெசத்தைக் கற்பனைன்னு சொல்லிக் குடுத்த பரிசுன்னு அவளுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல.

கருவாட்டுக்கார அக்கா கொட்டாய் வாசல்ல நின்னு என்னைக் கேட்டா. கோவமா கேக்கல. "பேச வேணாம்டி. ஒரு நிமிசம் பேசாம உக்காந்திருந்தா போதுமே?"

"என்னை ஊரு சிரிக்க வெச்சீங்களே!"

"ஊரு எங்கடி சிரிச்சுது? எல்லாரும் அழுதாங்க. நீ பாக்கலியா?"

நான் கதவைச் சாத்திக்கிட்டேன். கதவுன்னா தட்டிதான்.

நாடகக்காரத் தம்பியை ஊருக்குள்ள வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அவன் கடைசியா வந்தப்போ எங்கிட்டயும் வந்து, "அம்மா, பொண்ணை நிறுத்திடாதீங்க. அது மாதிரி ஒரு புள்ளையை நான் பாத்ததில்ல"ன்னான். "புள்ளை படிக்கட்டும், கூத்தாட வேணாம்"னு சொன்னேன். நான் நிறுத்த வேண்டிய வேலையே வெக்கல அவ. அதோட நின்னுட்டா. ரேஷன் கடைக்காரன் இல்ல, நர்சம்மா இல்ல. கொட்டாய் அமைதியாயிடுச்சு. வயசுக்கு வர்ற நேரம், பொண்ணுங்க அடங்கிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

வீடு வந்துது. தலைக்கட்டுக் கணக்குலதான் வந்துது. என்னை மாதிரி தலைக்கட்டு இல்லாத நீங்க யாரும் அதுல இல்ல. ஒரு வீடு மிச்சம் இருந்துச்சாம். நாட்டாரு ஊருக்கூட்டத்துல, "வெளியூர்ல ஊரு மானத்தைக் காப்பாத்துன பொம்பளை, அவளுக்குக் குடுப்போம்"னு சொல்லி என் பேருக்கு வெச்சுட்டாரு. தலைக்கட்டு இல்லாத ஒருத்திக்கு நம்ம ஊரு குடுத்த ஒரே வீடு. நான் கேக்கலியே, அவுங்களா குடுத்தாங்களேன்னு தலையை நிமித்திக்கிட்டுத்தான் குடி போனேன். பாலு காய்ச்சுன அன்னிக்கு நீங்கல்லாம் வந்தீங்க. சக்கரை போட்டுக் குடிச்சீங்க. டம்ளரைக் கழுவி வெச்சுட்டுக் கொட்டாய்க்குத் திரும்புனீங்க.

தார் ஷீட்டுக் கொட்டாயைப் பிரிச்சப்போ கருவாட்டுக்கார அக்கா போக எடமில்லாம காடாம்புலியூர்ல கட்டிக்குடுத்த மகளோட போயிட்டா. முந்திரிக் காட்டுக்குள்ள மருமவன் வீடு. கடல் சத்தம் இல்லாம தூக்கம் வரலைன்னு மகக்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாளாம். அவ சாவுக்கு நான் போனேன். ஆட்டுக்குக் கட்டுன தாழ்வாரத்துல ஒரு பாய், ஒரு தலகாணி. அங்கதான் இருந்திருக்கா. மருமவன் என்னை, "நீங்கதான் வீடு கெடைச்சவங்களா?"ன்னு கேட்டான். சும்மா கேட்டான். அன்னிக்குத்தான் எனக்கு மொத மொத உள்ளுக்குள்ள எதுவோ சரிஞ்சுது.

பொண்ணு நல்லாப் படிச்சா. இப்ப சிதம்பரத்துல காலேஜ், அங்கேயே ஹாஸ்டலு. எனக்கு ஒரு கொறையும் வெக்கல. மாத்திரை வாங்கி வருவா, கண்ணாடி மாத்திக் குடுப்பா. எதைச் சொன்னாலும், "சரி அத்தே"ன்னுவா. சண்டை போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

போன மார்கழியில புயல் அடிச்சுது இல்ல? விடிகாலைல காத்து ஆரம்பிச்சதும் நீங்கல்லாம் தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்குத்தான் வந்தீங்க. காங்கிரீட்டு வீடாச்சே. பொண்ணும் லீவுக்கு வந்திருந்தா. கதவு ஆடுது, வெளிய தென்னை முறியுது, உள்ள ஒருத்தி மேல ஒருத்தி உக்காந்திருக்கோம். அவ எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டுக் குடுத்தா. உங்கள்ல ஒருத்தி, யாருன்னு நான் சொல்லல, பயத்தை மறக்கத்தான் கேட்டா: "ஏ பொண்ணே, கருவாட்டுக்காரி நடக்குற மாதிரி நடப்பியே, ஒரு தடவ நடந்து காட்டேன். செத்தவளைப் பாத்த மாதிரி இருக்கும்."

எல்லாரும் அவளைப் பாத்தீங்க. அவ என்னைப் பாத்தா.

"காட்டும்மா"ன்னேன் நான். எனக்கே என் கொரலு கெஞ்சுற மாதிரி கேட்டுது.

"மறந்துபோச்சு அத்தே"ன்னா. டம்ளரைப் பொறுக்கிக்கிட்டு அடுப்பாண்ட போயிட்டா. அவ எதையும் மறக்குறவ இல்ல.

புயலுக்கு நெவாரணம் வந்துது. திரும்பவும் கோயிலு முன்னாடி, திரும்பவும் தலைக்கட்டு. ஓலைக் கொட்டாய் பறந்துபோன உங்க பேரு ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பொம்பளைங்க போவாத ஊருக்கூட்டத்துக்கு நான் போறேன்னேன். நீங்க பத்துப் பேரு, கூட வரேன்னு என் பின்னாடி வந்தீங்க. பொண்ணு காலேஜுக்குத் திரும்பிப் போயிருந்தா. அவ இல்லாதது நல்லதுன்னும் இருந்துது, இருந்திருக்கலாம்னும் இருந்துது.

நாட்டாரு கெழவராயிட்டாரு. கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. ஆம்பளைங்கல்லாம் பேச்சை நிறுத்திட்டாங்க.

"மாமா, இவுங்களையும் சேக்கணும்"னேன். "இவுங்க கொட்டாயும் பறந்துதான் போச்சு. அன்னிக்கு சிதம்பரத்துல நான் சொன்னது பொய்யி. அந்தப் புள்ள நடிச்சதுதான் நெசம். அந்தப் பை நெசம்."

ஒரு பையன் கிளுக்குன்னு சிரிச்சான். நாட்டாரு அவனை மொறைச்சாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. கோவம் இல்ல அவரு கண்ணுல. புரியாத மாதிரிதான் கேட்டாரு.

"ஏம்மா, உனக்குத்தான் ஊரு வீடு குடுத்துதே. அது எதுக்குக் குடுத்துதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே?"

அன்னிக்குச் சொன்ன பொய்க்குக் கெடைச்ச வீட்டுலேருந்து கெளம்பித்தானே அங்க வந்திருந்தேன். சாவி என் இடுப்புல இருந்துது.

அவரு காத்திருந்தாரு. என் பின்னாடி மணல்ல நீங்க நின்னீங்க, மூச்சு விடுற சத்தம்கூட எனக்குக் கேட்டுது. நான் திரும்பி உங்களைப் பாக்கல.